டிசெம்பரில் வந்துவிடுவார் என்று சொன்னேன்

என் கணவருக்கு நீந்தத் தெரியும் என்பது, கல்யாணமாகிப் பத்தொன்பதாவது வருடத்தில்தான் எனக்குத் தெரிய வந்தது. அவர் சொல்லித் தெரியவில்லை. மாலைதீவில் ஒரு சின்னத் தீவின் கரையில் நின்று, அவர் தண்ணீருக்குள் குப்புற விழுந்து கையை வீசிப் போவதை என் கண்ணால் பார்த்தேன்.

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃப்ளாட் நாலாம் மாடியில். பல்கனியில் நின்றால் ரயில் தண்டவாளமும் அதற்கு அப்பால் கடலும் தெரியும். அத்தனை வருடத்தில் அவர் அந்தக் கடலில் கணுக்கால் நனைத்ததைக்கூட நான் பார்த்ததில்லை. மகள் சின்னவளாக இருந்தபோது கையைப் பிடித்து இழுப்பாள். "உப்புத் தண்ணி, பிசுபிசுக்கும்" என்று சொல்லிவிட்டு மெரைன் டிரைவ் ஓரக் கட்டின் மேலேயே இருந்துகொள்வார்.

அவர் காலி வீதியில் ஒரு விமான டிக்கட் ஏஜென்சியில் வேலை செய்தார். வீட்டில் பேச்சுக் குறைவு. வந்தால் செய்தி பார்ப்பார், சாப்பிடுவார், படுப்பார். அது அவருடைய சுபாவம் என்று நினைத்து, நானும் தேவைக்கு மட்டும் பேசப் பழகிக்கொண்டேன். பிறகு நாட்டில் பெற்றோல் வரிசையும் கரண்ட் வெட்டுமாகக் கிடந்த காலத்தில் ஏஜென்சியை மூடினார்கள். ஐந்து மாதம் வீட்டில் இருந்தார். நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்தபடியால் சமாளித்தோம்.

அப்போதுதான் அவருக்குத் தெரிந்த ஒரு மாலைதீவு அம்மா போன் எடுத்தார். பிள்ளைகளைப் படிக்க வைக்கவென்று தெஹிவளையில் ஆறு வருடம் வாடகைக்கு இருந்தவர். அந்த ஆறு வருடமும் டிக்கட் எல்லாம் என் கணவரிடம்தான் எடுத்தார். தன் தீவில் முன்பு ஆசிரியையாக இருந்தவர் என்பதால் ஊரே அவரை டீச்சர் என்றுதான் சொல்லும். ஊருக்குத் திரும்பிப்போய், சொந்தக் காணியில் வெள்ளைக்காரர் வந்து தங்க ஒரு கெஸ்ட் ஹவுஸ் கட்டியிருந்தார். அதைப் பார்த்துக்கொள்ள வரமுடியுமா என்று கேட்டார். "சனங்களோட நல்லாக் கதைக்கத் தெரிஞ்ச ஆள் வேணுமாம்" என்று இவர் என்னிடம் சொன்னபோது, எனக்கு ஆளை மாறிக் கேட்கிறாரோ என்று இருந்தது.

போய் இரண்டு வருடமானது. ஒவ்வொரு நாளும் பின்னேரம் வீடியோவில் வருவார். பின்னால் ஒரு வெள்ளைச் சுவர் மட்டும் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்கள் சிரிக்கிற சத்தம் கேட்கும்.

"ஆரப்பா சிரிக்கினம்?"

"கெஸ்ட் ஆக்கள்."

"என்னத்துக்கு?"

"சும்மா. அவை லீவில வந்த ஆக்கள்தானே."

கண்ணாடிக் கடையில் என்னோடு வேலை செய்கிறவள், "ஆம்பிளையளை இவ்வளவு காலம் தனிய விடக்கூடாதக்கா" என்று கிழமைக்கொரு தரம் சொல்வாள். நான் சிரித்து மழுப்புவேன். ஆனால் அவர் "லீவு எடுத்துக்கொண்டு வாருமன், டீச்சர் டிக்கட் போட்டுத் தாறாவாம்" என்று சொன்ன அன்றைக்கே ஓமென்று விட்டேன். மகள் பெரியம்மா வீட்டில் நின்று படிக்கிறேன் என்றாள். நான் அங்கே ஒரு பெண்ணைத் தேடித்தான் போனேன். அதை இப்போது ஒளிக்க ஒன்றுமில்லை.

விமானம் ஒன்றரை மணித்தியாலம். மாலேயில் இருந்து ஸ்பீட் போட்டில் இன்னொரு மணித்தியாலம். சூட்கேஸில் அவருக்குப் பிடித்த யாழ்ப்பாணத்துக் கறித்தூளும், பருத்தித்துறை வடையும் வைத்திருந்தேன். வடை நானே சுட்டது. இரண்டு நாள் எடுத்தது.

இறங்குதுறையில் நின்ற ஆளை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. முக்கால் காற்சட்டை, கறுத்த முகம், வயிறு வற்றிப்போயிருந்தது. சூட்கேஸை பேட்டரி வண்டியில் ஏற்றினார். வழியில் கண்டவர்கள் எல்லாம் "பேபே" என்று கூப்பிட்டார்கள். அவர்களுடைய பாஷையில் பேபே என்றால் அண்ணன். அவர் ஒவ்வொருவருக்கும் ஏதோ பதில் சொன்னார், அவர்கள் சிரித்தார்கள். கெஸ்ட் ஹவுஸ் வாசலில் வடைப் பெட்டியைத் திறந்து தான் ஒன்றைக் கடித்துவிட்டு, வரவேற்பில் நின்றவருக்கு ஒன்று, தோட்டம் கூட்டியவருக்கு ஒன்று, பக்கத்து வீட்டுக்காரருக்கு இரண்டு என்று கொடுத்தார். மிச்சத்தைக் குசினிக்கு அனுப்பினார். நான் அறைக்குள் போய்க் கால் கழுவி வருவதற்குள் பெட்டி வெறுமையாகிவிட்டது.

"உங்களுக்கெண்டு சுட்டதப்பா."

"எல்லாரும் நல்லா இருக்கெண்டு சொன்னவை. உமக்குச் சந்தோசம்தானே?"

ஓம் என்றேன்.

தீவை ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் பத்து நிமிடத்தில் நடந்துவிடலாம். தார் இல்லை, வெள்ளை மணல் தெரு. பவளக்கல் வீடுகளுக்கு நடுவே மூன்று மாடி, நாலு மாடிக் கட்டிடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. எந்தத் தெருவில் திரும்பினாலும் சீமெந்து குழைக்கிற மெஷின் சத்தம். டீச்சர் தொடங்கும்போது ஊரில் இரண்டே இரண்டு கெஸ்ட் ஹவுஸ்தானாம். இப்போது ஒவ்வொரு வீட்டுக்காரனும் மேல்மாடி கட்டுகிறான் என்று இவர் பெருமையோடு சொன்னார், தான் கட்டுகிற மாதிரி. ஒரு பக்கக் கடற்கரையைத் தென்னோலை கட்டி மறைத்து, வெள்ளைக்காரர் குளிப்பதற்கென்று விட்டிருந்தார்கள். மற்றப் பக்கம் ஊர்ச் சனத்துக்கு. அங்கே பெண்கள் உடுப்போடு இறங்கிக் குளித்தார்கள்.

டீச்சருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். பருத்த உடம்பு, தலையில் துணி, நடக்கும்போது ஒரு முழங்காலைப் பிடித்துப் பிடித்து நடப்பார். தெஹிவளையில் பழகிய சிங்களத்தில்தான் என்னோடு பேசினார். முதல் நாளே என்னை நங்கி, அதாவது தங்கச்சி, என்றார். அவர் மீது எனக்குச் சந்தேகப்பட ஒன்றும் இருக்கவில்லை. வேறு எவர் மீதும் இருக்கவில்லை. மூன்று நாள் நான் நன்றாகத் தேடிப் பார்த்தேன். ஒரு பெண் இருந்திருந்தால் என்ன செய்வதென்று எனக்குத் தெரிந்திருக்கும்.

இருந்தது வேறு. காலையில் மேசை வைக்கும்போது அவர் பாட்டு முணுமுணுத்தார். சூரை மீனைத் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் போட்டுத் தானே பிசைந்தார். வீட்டில் தேநீர்கூட ஊற்றத் தெரியாதவர். ஜெர்மன்காரக் கிழவி ஒருத்தியிடம் "நேற்று உன் முதுகு நோ எப்படி?" என்று கேட்டார். என் முதுகு எத்தனையோ வருடமாக நோகிறது.

பின்னேரங்களில் இறங்குதுறைக்குப் பக்கத்தில் ஆண்கள் கூடுவார்கள். கம்பிச் சட்டத்தில் வலை கட்டிய கதிரைகள் அங்கே வரிசையாகக் கிடக்கும். அவர் போகும்போதே ஒருவர் தள்ளி இருந்து, இவருக்கென்று ஒரு கதிரையை விடுவார். என்னையும் கூட்டிப்போனார். அவர்கள் தங்கள் பாஷையான திவேஹியில் பேசினார்கள், இவரும் பேசினார். ஒரு கதையை இவர் கையைக் காலை ஆட்டிச் சொல்லி முடிக்க, அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"என்னவாம்?" என்றேன்.

"அது சொன்னா விளங்காது. சும்மா ஒரு பகிடி."

பத்தொன்பது வருடத்தில் இந்த மனிதர் எனக்கு ஒரு பகிடி சொன்னதில்லை. நான் சிரிக்கிறவர்களின் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, நானும் பல்லைக் காட்டிக்கொண்டு இருந்தேன். எனக்கு வந்தது பொறாமை என்று அப்போதே தெரிந்தது. அந்த வலைக்கதிரையில் கால் நீட்டி இருந்த ஒவ்வொரு மீன்பிடிகாரர் மீதும் பொறாமைப்பட்டேன். இவ்வளவு காலமும் இந்தச் சிரிப்பை எங்கே வைத்திருந்தார்? எங்கள் ஃப்ளாட்டில் அதற்கு இடம் இல்லாமல் போனது எப்படி?

நாலாம் நாள்தான் அவர் நீந்துவதைப் பார்த்தேன். கெஸ்ட் ஆட்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு ஓலை வேலிக்கு அந்தப் பக்கம் போனார். நானும் சல்வாரோடு கரையில் நின்றேன். என்னைச் சுற்றி அரைகுறை உடுப்பில் பெண்கள் படுத்திருந்தார்கள். என் வயதுக்காரி ஒருத்தி, பிள்ளை பெற்ற வயிற்றின் வரிகள் எல்லாம் தெரிய, முகத்துக்குத் தொப்பியை வைத்துக்கொண்டு நித்திரை கொண்டாள். அவளைப் பார்க்க வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன். வெட்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அவளுக்கு யாரும் பார்ப்பார்கள் என்ற நினைப்பே இல்லை.

இவர் பாறை விளிம்பு வரை போய்த் திரும்பி வந்தார். இடுப்பளவு தண்ணீரில் நின்று கையை நீட்டினார்.

"வாரும். பயமில்லை. நான் பிடிக்கிறன்."

நான் முழங்கால் வரை இறங்கினேன். தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. உண்மையைச் சொன்னால் இன்னும் இறங்க ஆசையாகவும் இருந்தது. ஆனால் சற்று முன்னர்தான் அவர் அந்த ஜெர்மன்காரியிடம் இதே மாதிரிக் கையை நீட்டி, இதே குரலில், இங்கிலீஷில் இதையே சொன்னதைக் கேட்டிருந்தேன்.

"கழுத்தில தாலிக்கொடி கிடக்கு. நான் வரேல்லை" என்று சொல்லிக் கரையேறிவிட்டேன்.

அவர் நீட்டிய கையை இறக்கினார். பிறகு திரும்பிப் போனார்.

அதற்கு அடுத்த நாள் மத்தியானம் அவர் ஆட்களைப் படகில் ஏற்றிக்கொண்டு மணல்திட்டு ஒன்றைக் காட்டப் போயிருந்தார். நான் குசினியின் பின்பக்கத்தில் டீச்சரோடு இருந்து அவித்த சூரையைப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். டீச்சர் கையை நிறுத்தாமல் கேட்டார்.

"நங்கி, தீவின் மற்றத் தொங்கலில் இரண்டாவது கெஸ்ட் ஹவுஸ் கட்டுகிறேன், பார்த்தாயா?"

"இல்லை டீச்சர்."

"அதை முழுக்க அவரிடம் விட யோசித்திருக்கிறேன். எனக்கு முழங்கால் ஏலாது. மேலே உங்களுக்கென்று ஒரு வீடும் கட்டச் சொல்லியிருக்கிறேன். நீயும் வரலாம், மகளும் லீவுக்கு வரலாம். அவரிடம் கேட்டேன். பார்ப்போம் என்கிறார். அவர் மனதில் என்ன இருக்கிறது? உனக்குத் தெரியும்தானே."

எனக்குத் தெரியாது. இந்த விஷயத்தை அவர் என் காதில் போடவேயில்லை. ஊரில் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்கும், அந்த வலைக்கதிரை ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்கும், எனக்கு மட்டும் தெரியாது என்று ஒரு நொடியில் நினைத்தேன். ஒரு நொடிதான்.

"அவர் டிசெம்பரோடு வந்துவிடுவார் டீச்சர்" என்றேன். "அவருக்கு வீட்டு நினைவு கூடிவிட்டது. உங்கள் மீது நல்ல மரியாதை. அதனால்தான் முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சப்படுகிறார்."

டீச்சரின் கை நின்றது. என் முகத்தைப் பார்த்தார். நான் மீன் முள்ளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"ஹரி" என்றார். சரி என்று அர்த்தம். பிறகு மறுபடி மீனைப் பிய்க்கத் தொடங்கினார்.

எனக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. டீச்சர் அந்த இரண்டு நாளும் அவருக்கு வேலை கொடுக்கவில்லை, மனைவியோடு இருங்கள் என்று அனுப்பிவிட்டார். இவர் அதை ஒரு தயவு என்று எடுத்துக்கொண்டு சந்தோசப்பட்டார். கடைசி நாள் என்னைத் தீவைச் சுற்றி நடத்திக் கொண்டுபோனார். மற்றத் தொங்கலில், சாரம் கட்டியிருந்த ஒரு கட்டிடத்துக்கு முன்னால் நின்றார். செருப்பைக் கழற்றி மண்ணைத் தட்டிவிட்டு, மேலே கையைக் காட்டினார்.

"உதில மேல் மாடியில நிண்டா ரெண்டு பக்கமும் கடல் தெரியும். காத்து அந்தமாதிரி. மத்தியானத்திலயும் ஃபான் தேவையில்லை."

அவர் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். ஏதோ கேட்கப் போகிறார் என்று தெளிவாகத் தெரிந்தது. என்ன கேட்கப் போகிறார் என்பதும் தெரிந்தது. கேட்டால் நான் டீச்சரிடம் சொன்னதும் வெளியே வந்துவிடும்.

"நாளைக்கு ஸ்பீட் போட் எத்தினை மணிக்கு?" என்றேன்.

"ஏழரைக்கு" என்றார்.

அவ்வளவுதான். திரும்பி நடந்தோம்.

கொழும்புக்கு வந்து ஒரு கிழமைக்குப் பிறகு, வழக்கமான நேரத்துக்கு முன்னரே அவருடைய போன் வந்தது. வீடியோ இல்லை, குரல் மட்டும். நான் கண்ணாடிக் கடையில் இருந்தேன். வெளியே பஸ் தரிப்புக்கு வந்து கதைத்தேன்.

"நீர் டீச்சரிட்ட ஏதும் சொன்னனீரோ?"

"ஓம். சொன்னனான்."

"என்னெண்டு?"

"டிசெம்பரில நீங்கள் வந்திடுவீங்கள் எண்டு."

"டீச்சர் தன்ர தங்கச்சியின்ர மகனைப் புது இடத்துக்குப் போடப் போறாவாம். எனக்கு இண்டைக்குத்தான் சொன்னவ" என்றார்.

"நீங்கள் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையேயப்பா. ஆரோ ஒரு ஆள் சொல்லி நான் கேக்க வேண்டிக் கிடந்தது."

"உம்மை இங்க வரச் சொன்னதே அதைக் காட்டத்தான். இடத்தைப் பாத்தாப் பிறகு கேப்பம் எண்டு இருந்தனான். உமக்குப் பிடிக்கேல்லையெண்டால் விட்டிருப்பன்."

"அப்ப கேட்டிருக்கலாமே."

"கேக்க வெளிக்கிட்டனான். நீர் ஸ்பீட் போட் நேரத்தைக் கேட்டனீர்."

நூறாம் நம்பர் பஸ் ஒன்று வந்து நின்று, ஆட்களை ஏற்றி, போனது. அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். "சரி, வையும். வேலையில நிப்பீர்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவர் டிசெம்பரில் வந்தார். நான் சொன்ன பொய்யை அவர் உண்மையாக்கிவிட்டார். கொள்ளுப்பிட்டியில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு வேலை கிடைத்தது. என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வீட்டில் தேநீர் ஊற்றினார், ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் வெட்டிக் கொடுத்தார். பாட்டு மட்டும் இல்லை. தெஹிவளைப் பக்கம் கடைகளில் மாலைதீவுக் குடும்பங்களைக் கண்டால் நின்று இரண்டு வார்த்தை கதைப்பார். அப்போது முகம் ஒரு மாதிரி விரியும். பக்கத்தில் மரக்கறிப் பையைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன். ஆள் என்னிடம் வந்துவிட்டார், அந்த முகம் வரவில்லை. அதை யாரிடம் போய்ச் சொல்ல முடியும்?

ஒரு வருடம் கழித்து டீச்சர் முழங்காலுக்கு வைத்தியம் பார்க்கக் கொழும்புக்கு வந்தார். எங்கள் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார். லிஃப்ட் இருந்தும், வாசல் படி இரண்டையும் ஏற அவருக்கு என் தோள் தேவைப்பட்டது. இவர் டீச்சருக்கு டொக்டர் எழுதிக் கொடுத்த மருந்துத் துண்டை வாங்கிக்கொண்டு பார்மசிக்குப் போனார். ஹோலில் நாங்கள் இருவரும் தனியே இருந்தோம்.

"அங்கே எப்படி டீச்சர்?" என்றேன்.

"தங்கை மகன் ஒரு சீசன்கூட நிற்கவில்லை. மாலேக்குப் போய்விட்டான். இப்போது புது இடத்தைப் பாதி பூட்டி வைத்திருக்கிறேன்." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார். "உன் கணவர் மீது எனக்கு நெடுநாள் வருத்தம், நங்கி. போகப் போகிறேன் என்று சொல்லத் தைரியமில்லாமல் மனைவியை விட்டுச் சொல்ல வைத்தாரே என்று. அவரை நான் அப்படி நினைத்திருக்கவில்லை."

நான் அதுவரை அந்தப் பக்கத்தை யோசித்ததேயில்லை. என் பொய்யால் அவர் இழந்தது ஒரு வேலையை மட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு வருடமாக அந்தத் தீவில் அவருடைய பெயர் கோழை என்று இருந்திருக்கிறது. அவருக்கு அது தெரிந்திருக்கும். ஒரு போன் எடுத்து, நான் சொல்லவில்லை, அவளாகச் சொன்னது என்று விளக்கியிருக்கலாம். செய்யவில்லை.

"அவர் சொல்லச் சொல்லவில்லை டீச்சர்" என்றேன். "நான் பொய் சொன்னேன். அவருக்கு அங்கே இருக்க ஆசை. எனக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை."

"ஏன், நாங்கள் உன்னை நன்றாகப் பார்க்கவில்லையா?"

"நன்றாகப் பார்த்தீர்கள். உங்கள் எல்லாரோடும் அவர் சிரித்தார். அதுதான்."

டீச்சர் முழங்காலைத் தடவிக்கொண்டு இருந்தார். அவர் கண்ணை என்னால் பார்க்க முடியவில்லை. கதவு திறந்தது. இவர் மருந்துப் பையோடு வந்தார். டீச்சர் அவரிடம் திவேஹியில் பேசவில்லை. எனக்கும் விளங்கவேண்டும் என்று சிங்களத்திலேயே கேட்டார்.

"உங்கள் மனைவி சொன்னது பொய் என்று ஏன் எனக்குச் சொல்லவில்லை?"

இவர் என்னைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். மருந்துப் பையை மேசையில் வைத்தார்.

"அது எங்கள் வீட்டு விஷயம், டீச்சர்" என்றார்.

பிறகு மூவரும் சாப்பிட்டோம். மீன் குழம்பில் புளி கூடிவிட்டது என்று டீச்சர் சொன்னார். போகும்போது லிஃப்ட் வரை நான் கொண்டுபோய் விட்டேன்.

"எனக்கு உன் மீது கோபம்தான், நங்கி" என்றார். "சொல்லாமல் போனால் அதுவும் பொய்யாகிவிடும். ஆறு கிழமை கழித்துத் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார் டொக்டர். வருவேன்."

வந்தார். இந்த முறை புளி குறைத்துச் சமைத்தேன். சாப்பிட்டு முடிந்ததும் அவரும் இவரும் திவேஹியில் கதைக்கத் தொடங்கினார்கள். யாரோ ஒரு ஊர்க்காரருடைய படகைப் பற்றிய கதை என்று மட்டும் கைச்சாடையில் விளங்கியது. இவர் சத்தமாகச் சிரித்தார். எங்கள் ஹோலில் அந்தச் சிரிப்பை நான் முதல் முறையாகக் கேட்டேன். எனக்குள் அந்தப் பழைய எரிவு எழும்பியது. அது போய்விட்டது என்று எழுத எனக்கு ஆசைதான், ஆனால் போகவில்லை. வேறு நாளென்றால் அந்த இடத்தில் எழும்பிக் குசினிக்குப் போய்ப் பாத்திரம் கழுவியிருப்பேன். அன்றைக்குக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.